ஆர்கனின் குரலைக் கணினிக்குள் இறக்கிய கதை

கோல சிலாங்கூருக்குப் போகிறவர்கள் மெலாவாத்தி மலையில் ஏறாமல் திரும்புவதில்லை. குரங்குகளுக்குப் பயற்றங்காய் கொடுத்துவிட்டு, பழைய பீரங்கிமேல் பிள்ளையை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பீரங்கிகளுக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கத்தின் பெயரை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அல்திங்ஸ்பர்க். வில்லெம் ஆர்னால்ட் அல்திங் என்ற டச்சு கவர்னர் ஜெனரலின் பெயர் அது. 1784ஆம் ஆண்டு டச்சுப் படை கோல சிலாங்கூரைப் பிடித்தபோது மலைக்கோட்டைக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. பக்கத்துக் குன்றில் இருந்த சிறிய கோட்டைக்கு உத்ரெக்ட் என்று தங்கள் நாட்டு நகரத்தின் பெயரை வைத்தார்கள். ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1785 ஜூன் மாதத்தில் சுல்தான் இப்ராஹிம் பகாங்கிலிருந்து ஆள் பலத்தோடு வந்து, இரவோடு இரவாக இரண்டையும் மீட்டுக்கொண்டார்.

டச்சுக்காரர்கள் இந்தச் சதுப்புக் கரைக்கு எதற்காக வந்தார்கள்? ஈயத்துக்காக. பேராவிலும் சிலாங்கூரிலும் ஆற்று மணலை அலசி எடுத்த ஈயத்தைத் தாங்கள் மட்டுமே வாங்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கோட்டைகளின் நோக்கம்.

இதே டச்சுக்காரர்கள் தங்கள் ஊரில் அதே உலோகத்தை வைத்து வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். ஈயத்தையும் காரீயத்தையும் உருக்கிக் கலந்து தகடாக ஊற்றி, சுருட்டிக் குழாயாக்கி, தேவாலயச் சுவரில் ஆயிரக்கணக்கில் நிறுத்தி, துருத்தியால் காற்றை ஊதி இசை எழுப்பினார்கள். அதுதான் குழாய் ஆர்கன். நம் நாட்டில் கல்யாணப் பரிசாகக் கொடுக்கிறார்களே பியூட்டர் கிண்ணம், அந்த உலோகத்துக்கு இந்தக் குழாய் நெருங்கிய உறவு. இங்கிருந்து போன ஈயம்தான் அந்தக் குழாய்களில் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பாவுக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் ஜெர்மனியின் சாக்சனியிலும் சொந்த ஈயம் இருந்தது. டச்சுக் கம்பெனி இங்கே வாங்கிய ஈயத்தில் பெரும்பகுதி ஆசியச் சந்தைகளுக்கே போயிற்று. ஆனாலும் மெலாவாத்தி மலையில் பீரங்கி வைத்த தலைமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் காதாரக் கேட்ட இசை எது என்று கேட்டால், விடை இந்த ஆர்கன்தான்.

அந்த நூற்றாண்டின் ஆர்கன்களைப் பரோக் ஆர்கன் என்பார்கள். அவற்றில் சிலவற்றை இந்த நூற்றாண்டில் சிலர் ஒரு குழாய் விடாமல் பதிவு செய்து கணினிக்குள் இறக்கிவிட்டார்கள். கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கூடக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலந்து தேவாலயத்தின் ஆர்கனை வாசிக்கலாம். இது எப்படி நடந்தது, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பதே இங்கே பேச்சு.

ஆர்மோனியத்தின் பெரியப்பா

ஆர்மோனியம் நமக்குத் தெரியும். தோட்டத்துப் பஜனைக் கூடத்திலும் நாடகக் கொட்டகையிலும் அது இல்லாமல் எதுவும் நடக்காது. பாரிஸில் டெபேன் என்பவர் 1842இல் காப்புரிமை பெற்ற கருவி அது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் சிறு பெட்டியாக்கினார். பெரிய ஆர்கன் வாங்க முடியாத சிறிய தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் ஏற்றது என்பதால்தான் ஐரோப்பாவில் ஆர்மோனியம் பரவியது. ஆக, நம் பஜனைப் பெட்டிக்கு ஆர்கன் பெரியப்பா முறை.

ஆர்மோனியத்தில் ஒலிப்பது பித்தளை நாக்குகள். ஆர்கனில் குழாய்கள். அதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஊதல் போல விளிம்பில் காற்று மோதி ஒலிப்பது. மற்றொன்று உள்ளே நாக்கு அதிர்ந்து ஒலிப்பது. பாம்பாட்டியின் மகுடிக்குள் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. பெரிய ஆர்கனில் மிகப் பெரிய குழாய் 32 அடி உயரம். மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சமம். அதன் ஒலி காதில் விழுவதைவிட மார்பில் விழும். மிகச் சிறியது பென்சில் அளவுகூட இருக்காது. ஒரே தன்மையுள்ள குழாய்களை விசைக்கு ஒன்றாக வரிசையாக நிறுத்தினால் ஒரு குரல் வரிசை. வாசிப்பவர் பக்கத்தில் உள்ள கட்டைப் பிடியை இழுத்தால் அந்த வரிசைக்குக் காற்று போகும், தள்ளினால் நிற்கும். புல்லாங்குழல் வரிசை, எக்காள வரிசை என்று எதை எதோடு சேர்க்கிறார் என்பதில்தான் கலைஞரின் ருசி தெரியும்.

கையால் வாசிக்க மூன்று நான்கு விசைப்பலகைகள், காலால் வாசிக்க ஒன்று. பின்னால் துருத்தி மிதிக்க இரண்டு மூன்று ஆட்கள். மின்விசிறி வருவதற்கு முன் ஆர்கன் வாசிப்பு என்பது கூலியாட்களின் கால் வலியும் சேர்ந்தது. இசை வரலாற்றுப் புத்தகங்களில் அவர்கள் பெயர் கிடையாது. தோட்ட வரலாற்றில் பால் வெட்டியவர் பெயர் இல்லாதது போலத்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்கன் என்பது கடையில் வாங்கி வந்து வைக்கும் பொருள் அல்ல. குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அந்தக் கல் சுவர், அந்த உயரக் கூரை, ஒலி அடங்க எடுக்கும் நான்கைந்து வினாடி, எல்லாம் சேர்ந்ததுதான் அதன் குரல். தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் நிறுத்தினால் குரல் மாறிவிடும். எரிந்துபோனால்?

எரிந்தவையும் பிழைத்தவையும்

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்துக் கதை இதற்குப் போதும். ஆர்ப் ஷ்னிட்கர் என்ற பெருங்கலைஞர் அங்குள்ள புனித யாக்கோபு தேவாலயத்துக்கு 1693இல் 60 குரல் வரிசை கொண்ட ஆர்கனைக் கட்டி முடித்தார். 1720இல் அந்தத் தேவாலயத்துக்கு ஆர்கன் வாசிப்பவர் தேவைப்பட்டார். விண்ணப்பம் போட்டவர்களில் ஒருவர் யோஹான் செபாஸ்டியன் பாக். இன்று உலகமே கொண்டாடும் மேதை. வேலை கிடைத்ததா? இல்லை. ஹைட்மான் என்பவருக்குக் கிடைத்தது. அவர் தேவாலயத்துக்கு 4,000 மார்க் நன்கொடை கொடுத்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் அங்கிருந்த பாதிரியார் நோய்மைஸ்டர், பெத்லகேம் தேவதூதன் ஒருவன் இறங்கி வந்து தெய்வீகமாக வாசித்தாலும் கையில் காசு இல்லாவிட்டால் பறந்து திரும்ப வேண்டியதுதான் என்று பொருள்படக் குத்திக் காட்டினார். நன்கொடை கொடுத்து வேலை வாங்குவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை!

அதே பயணத்தில் பாக் அவ்வூரின் புனித காத்தரீன் தேவாலயத்து ஆர்கனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். முதியவர் ரைன்கன் உட்கார்ந்து கேட்டு மனம் நெகிழ்ந்து பாராட்டினார்.

இந்த இரண்டு ஆர்கன்களும் பின்னால் என்ன ஆயின? 1917இல் முதல் உலகப் போரின்போது யாக்கோபு தேவாலய ஆர்கனின் முன்வரிசைக் குழாய்களைப் பிடுங்கி உருக்கிவிட்டார்கள். ஈயம் போருக்கு வேண்டும். (அதே 1917இல்தான் பத்தாங் பெர்ஜூந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டுக்கொண்டிருந்தார். அவர் பின்னால் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.) இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஹம்பர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த பழைய குழாய்களையும் காற்றுப் பெட்டிகளையும் கழற்றிப் பாதுகாப்பான இடத்தில் வைத்தார்கள். 1944இல் குண்டு விழுந்து தேவாலயம் எரிந்தது. குழாய்கள் பிழைத்தன. யூர்கன் ஆரென்ட் என்பவர் அவற்றைக் கொண்டு திரும்பக் கட்டி முடித்தபோது 1993 ஆகிவிட்டது. ஷ்னிட்கர் கட்டி முடித்து முந்நூறாவது ஆண்டு.

காத்தரீன் தேவாலயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாக் வாசித்த அந்த ஆர்கன் 1943 ஜூலையில் எரிந்துபோனது. முன்னரே கழற்றி வைத்திருந்த ஐந்நூற்றுச் சொச்சம் குழாய்கள் மட்டும் மிஞ்சின. டச்சு நிறுவனமான ஃபிளென்ட்ராப் அவற்றையும் சேர்த்து மறுபடியும் கட்டி 2013இல் ஒப்படைத்தது. இன்று ஒலிப்பது பாக் கேட்ட குரலா என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காலத்துப் பதிவு இல்லையே.

இதெல்லாம் போர்க்காலம், இனி நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜூலை 18ஆம் தேதி பிரான்சின் நான்த் பேராலயத்தில் தீ வைக்கப்பட்டது. 1621இல் தொடங்கி வளர்ந்த அதன் பேரார்கன் ஒரே காலையில் சாம்பலானது. பிரெஞ்சுப் புரட்சியையும் 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சையும் 1972ஆம் ஆண்டுக் கூரைத் தீயையும் தாண்டி வந்த ஆர்கன் அது. அதற்கு ஓராண்டு முன்பு பாரிஸ் நோத்ர தாம் எரிந்தபோது ஆர்கன் மயிரிழையில் தப்பியது.

நகல் எடுக்கும் முயற்சி

ஆர்கனுக்குப் பதில் ஆர்கன் போல ஒலிக்கும் பெட்டி செய்யும் ஆசை பழையது. அமெரிக்காவின் ஹேமண்ட் 1935இல் சுழலும் சக்கரங்களால் மின் ஆர்கன் செய்தார். சினிமா இசையிலும் ஜாஸிலும் அது தனக்கென ஓர் இடம் பிடித்தது. ஆனால் அது குழாயின் குரல் இல்லை. 1971இல் ஆலன் நிறுவனம் எண்முறையில் ஒலி தரும் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விண்வெளி, ராணுவச் சாதனங்கள் செய்த ராக்வெல் நிறுவனத்தின் மின்னணு நுட்பம் அதற்குள் இருந்தது. தேவாலயத்துக்குள் கணினி நுழைந்தது அப்போதுதான். அன்று நினைவகம் தங்க விலை. குழாயின் ஒரே ஓர் அலையை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். நல்ல காது உள்ளவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

திருப்பம் 2002இல் வந்தது. இங்கிலாந்தின் மார்ட்டின் டைட் என்பவர் ஹாப்ட்வெர்க் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஆர்கனின் தலைமைப் பகுதிக்கு ஜெர்மானியர் சொல்லும் பெயர் அது. 2008இல் அது அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு கிராண்ட்ஆர்க் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. மென்பொருள் வெறும் பாத்திரம். அதில் ஊற்ற வேண்டிய குரல்களை வேறு சிலர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் செக் நாட்டின் சோனஸ் பாரடிசி குழுவினர். ஹாலந்தின் ஸ்வோல நகரத்து ஆர்கனை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர்ப் ஷ்னிட்கர் 1719இல் இறந்தபோது பாதியில் நின்ற வேலையை அவருடைய மகன்கள் 1721இல் முடித்த ஆர்கன் அது. 64 குரல் வரிசைகள். மெலாவாத்தி மலையில் டச்சுக் கொடி ஏறியபோது அதற்கு வயது 63.

ஒரு குழாய்க்கு எத்தனை பதிவு?

வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் ருசியான பகுதி. பகலில் முடியாது. வெளியே வாகனச் சத்தம், உள்ளே சுற்றுலாப் பயணிகள். ஆகவே இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு தொடங்குவார்கள். ஒலிவாங்கிகள் ஆர்கனுக்கு அருகிலும் நடுக்கூடத்திலும் நிற்கும். ஒரு குரல் வரிசையை இழுத்து, முதல் விசையைச் சில வினாடி அழுத்திப் பிடித்து, விட்டு, எதிரொலி முழுதும் அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடுவில் யாராவது இருமினால் மறுபடியும் முதலிலிருந்து. பிறகு அதே விசையைச் சற்றுக் குறைவாக அழுத்தி ஒரு முறை, தட்டிவிட்டதுபோல் ஒரு முறை. அப்புறம் அடுத்த விசை.

எதற்கு மூன்று முறை? விசையைத் தட்டிவிட்டு எடுத்தால் கூடம் நிறைவதற்குள் ஒலி நின்றுவிடும், எதிரொலியும் சிறிதாக இருக்கும். நீளமாகப் பிடித்தால் கூடம் முழுக்க ஒலி நிரம்பி, விட்ட பிறகும் வெகுநேரம் அலையும். இரண்டுக்கும் ஒரே வாலை ஒட்டினால் பொய் தெரிந்துவிடும். பழைய மின் ஆர்கன்கள் தோற்றது பெரும்பாலும் இந்த வாலில்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 64 வரிசை, வரிசைக்கு 48 விசை என்று வைத்தால் 3,000 ஒலி. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலே 25 மணி நேரம். மூன்று விதமாக எடுத்தால் அதற்கும் மேல். இத்தனையையும் சில இரவுகளுக்குள் முடித்தாக வேண்டும். ஏன்? கூடத்தில் சூடு ஏறினால் குழாயின் சுருதியும் ஏறும். ஊதல் வகைக் குழாய் ஏறுகிற அளவுக்கு நாக்கு வகைக் குழாய் ஏறாது. திங்கட்கிழமை எடுத்ததும் வியாழக்கிழமை எடுத்ததும் ஒன்றோடு ஒன்று சேராமல் போய்விடும்.

பிறகு மாதக்கணக்கில் மேசை வேலை. காற்று மோட்டாரின் இரைச்சலை ஒவ்வொரு பதிவிலிருந்தும் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் பத்து விசையை ஒன்றாக அழுத்தும்போது இரைச்சல் பத்து மடங்காகும். வாசிப்பவர் ஒரு நிமிடம் பிடித்தாலும் அறுந்து போகாதபடி ஒலியின் நடுப்பகுதியைத் தையல் தெரியாமல் வளையமாக இணைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பாடுபட்டுக் கழித்த மோட்டார் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து, வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்று கூடவே தருகிறார்கள். விசை மரத்தில் இடிக்கும் சத்தமும் உண்டு. சத்தம் இல்லாவிட்டால் வாசிப்பவர்களுக்கு அது ஆர்கனாகவே தோன்றுவதில்லை.

பழைய சுருதி முறையும் அப்படியே வந்துவிடும். பரோக் ஆர்கன்கள் பலவற்றில் இன்றைய பியானோவின் சம அளவுச் சுருதி கிடையாது. சில ராகங்கள் தேன், சில காதைக் குத்தும். ஆர்மோனியத்தின் சுருதி நம் இசைக்குப் பொருந்தாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்ததை நினைத்தால், இது வெறும் ஐரோப்பியத் தகராறு இல்லை என்பது புரியும்.

இவ்வளவு செய்தும் எதிர்ப்பு இருக்கிறது. நிஜ ஆர்கனில் பத்துக் குழாய் ஒன்றாக ஒலித்தால் காற்று பங்கு போகிறது. குரல் லேசாகத் தளர்கிறது, குழாய்கள் ஒன்றை ஒன்று இழுத்துச் சேர்ந்துகொள்கின்றன. தனித்தனியே எடுத்த பதிவுகளைக் கூட்டினால் அந்த உறவு வராது என்கிறார்கள் மூத்த கலைஞர்கள். காற்று குறைவதையும் கணக்குப் போட்டுச் செய்து காட்டுகிறோம் என்கிறார்கள் மென்பொருள்காரர்கள். அதைவிட அழுத்தமான எதிர்ப்பு வேறு. கணினி மலிவாகக் கிடைக்கும்போது குழாயைப் பழுது பார்க்கப் பணம் எதற்கு என்று தேவாலய நிர்வாகம் கேட்குமே! இந்தப் பயம் நியாயமானது. நகல் வந்த பிறகு அசலுக்குச் செலவு செய்ய மனம் வராமல் போவதை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஆர்கன் படிக்கும் மாணவனுக்கு வீட்டில் வைத்துப் பழக வேறு வழி இல்லை. நான்த் போல ஒன்று நடந்தால், குரலாவது மிஞ்சும்.

நம் பக்கத்தில்

நம் நாட்டில் ஆர்கன் இல்லாமல் இல்லை. டத்தாரான் மெர்டேக்கா அருகில் உள்ள செயின்ட் மேரி பேராலயத்தில் 1895இல் இங்கிலாந்தின் ஹென்றி வில்லிஸ் செய்த ஆர்கன் வந்தது. பிறகு நிறைய மாற்றங்களுக்கு உள்ளானது. 1998இல் இரட்டைக் கோபுரத்தின் பிலார்மோனிக் அரங்கில் ஓர் ஆர்கனை ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் கட்டியது. இதே கிளைஸ்தான் 1973இல் பிலிப்பீன்ஸிலிருந்து லாஸ் பினாஸ் மூங்கில் ஆர்கனைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்ச் சீராக்கி 1975இல் திருப்பிக் கொடுத்தது. தியகோ செரா என்ற பாதிரியார் 1816இல் தொடங்கி 1824இல் முடித்த ஆர்கன் அது. 1,031 குழாய்களில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கிலை வெட்டிக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். உள்ளூர் மரத்தை உள்ளூர் அறிவோடு கையாண்ட அந்தப் பாதிரியாரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சரி, ஆர்கனை இப்படிக் கணினிக்குள் இறக்க முடிந்தால் நாகசுரத்தையும் இறக்கலாமே? கீபோர்டில் நாகசுரம் என்று ஒரு பொத்தான் இருக்கத்தானே செய்கிறது? இருக்கிறது. கேட்டவர்களுக்கு அதன் லட்சணமும் தெரியும். காரணம் எளியது. ஆர்கன் விசையை எப்படி அழுத்தினாலும் குழாய் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒலிக்கும். காற்று உண்டு, அல்லது இல்லை. வாசிப்பவரின் மூச்சும் உதடும் ஒலிக்குள் போவதில்லை. அதனால்தான் நகல் எடுக்க ஆர்கனைப்போல் வசதியான வாத்தியம் வேறு இல்லை. நாகசுரத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில்தான் இசையே இருக்கிறது. கமகத்தை விசை விசையாக வெட்டி எடுக்க முடியாது. உறுமியும் அப்படித்தான். வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழுப்பும் அந்த முனகலுக்குத் தொடக்கம் எது, முடிவு எது? தம்புராவுக்கு மட்டும் இது பொருந்தியது. மீட்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை என்பதால், பெங்களூரின் ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் தொடங்கிய மின்னணுச் சுருதிப் பெட்டி கச்சேரி மேடைகளில் எளிதாக உட்கார்ந்துகொண்டது. தம்புரா போட உட்காரும் சீடப்பிள்ளைக்கு மேடையில் இடம் போயிற்று.

கோயிலிலும் அதேதான் நடந்தது. பூசை நேரத்தில் பொத்தானைத் தட்டினால் முரசும் மணியும் சேர்ந்து அடிக்கும் மோட்டார் இயந்திரத்தை இன்று எத்தனையோ கோயில்களில் பார்க்கலாம். ஒரே அடி, ஒரே வேகம். அது தனக்கு எளிதான இடத்தைத்தான் முதலில் பிடித்தது.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் என்னென்ன ஒலி இருந்தது என்று முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இருட்டோடு இருட்டாகப் பெரட்டு மணி. பால் வாளிகள் மோதும் சத்தம். நிறுவைக் கொட்டகையில் கிராணி எடையைக் கூவிச் சொல்வது. திருவிழா இரவில் தப்பும் உறுமியும். பத்தாங் பெர்ஜூந்தைப் பக்கம் என்றால் தூரத்தில் ஈயக் கப்பலின் ஓயாத இரைச்சல். இன்று ஈயக் கப்பல் இல்லை. பத்தாங் பெர்ஜூந்தை என்ற பெயரும் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள். சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்துக் கிடந்தன. வீடே கிடைக்காதவர்களிடம் போய் ஒலியைப் பதிவு செய்தீர்களா என்று கேட்பது நாகரிகம் இல்லைதான். ஆனாலும் அவர்களுக்காக வேறு யாராவது செய்திருக்கலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள், ஆலய நிர்வாகங்கள், தொழிற்சங்கம் என்று அமைப்புகளுக்கு நம்மிடம் குறைவு இல்லை.

உறுமியைப் பதிவு செய்ய ஆள் வேண்டும், அவர் முழுப் பாட்டையும் அடிக்க வேண்டும். மணிக்கு அதுவும் வேண்டாம். மணியும் ஆர்கன் குழாய் போலத்தான். ஓர் அடி, பிறகு அடங்கும்வரை காத்திருப்பு. ஒரு நல்ல பதிவுக் கருவி, வண்டிச் சத்தம் இல்லாத ஓர் இரவு, இருமாமல் நிற்கும் இரண்டு பேர் போதும். தோட்டம் கைமாறிச் சாலையோரத்துக்கு வந்துவிட்ட கோயில்களில் பழைய மணி இன்னும் தொங்குகிறது. அடித்தால் அதே நாதம்தான். ஆனால் லயத்து மரச் சுவர்களில் பட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே தேய்ந்து, கடைசி வரிசையில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர் காதுக்குப் போய்ச் சேர்ந்த அந்த வால் பகுதி எந்தப் பதிவிலும் இல்லை. இன்னும் லயமும் மரமும் மணியும் ஒரே இடத்தில் நிற்கிற தோட்டங்கள் ஒன்றிரண்டு இருந்தால், அங்கே அந்த இரண்டு பேரும் இந்த வாரமே போகலாம்.